நிழலில் நிறுத்திய வண்டி

பால் காய்வதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்று சாந்தாமணி அடுப்பைக் குறைத்து வைத்தாள். குறைத்த பிறகுதான், குறைத்தால் பால் காய இன்னும் நேரமாகும், கேள்வி வருவதற்கு இன்னும் இடம் கிடைக்கும் என்று தோன்றியது. மறுபடி கூட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெனடிக்ட் சாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெனடிக்ட் சார் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய இன்வெஸ்டிகேட்டர். இன்வெஸ்டிகேட்டர் என்றால் போலீஸ்காரர் மாதிரி தொப்பையும் மீசையுமாக ஒருவர் வந்து நிற்பார் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். வந்தவரோ ஒல்லியாக, நாற்பது வயதுக்காரராக, செருப்பை வாசலில் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி வைத்துவிட்டு, "சர்க்கரை வேண்டாம்மா, டீ மட்டும் போதும்" என்று சொல்லி உட்கார்ந்தார். செருப்பை அப்படி ஒட்டி வைக்கிற மனுஷனிடம் பொய் சொல்வது கஷ்டம். அதட்டுகிறவனிடம் சொல்லிவிடலாம். இவரிடம் சொன்ன பொய் சோற்றில் கல் மாதிரி பிறகு எப்போதாவது பல்லில் கடிபடும். அவர் எழுதிக்கொண்டு போகிற வாக்குமூலத்தை வைத்துத்தான், நசுங்கிப்போன இண்டிகாவைச் சரிபண்ணக் கம்பெனி பணம் தருமா தராதா என்று முடிவாகும். தந்தால் வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து பொள்ளாச்சி டாக்சி ஸ்டாண்டுக்குத் திரும்பும். தராவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். வண்டி போகிற வழியிலேயே நாச்சிமுத்துவும் போய்விடுவார் போலத்தான் இந்த இரண்டு மாதமாக அவளுக்குத் தெரிந்தது. அறுபத்திரண்டு வயது டிரைவரைப் புதிதாக யார் வேலைக்கு வைப்பார்கள்?

"அப்ப எஃப்.சி. முடிஞ்சது உங்களுக்குத் தெரியும்" என்றார் பெனடிக்ட் சார். "தெரியுமுங்க." "தெரிஞ்சே காட்டலை." "காட்டலைங்க." நாச்சிமுத்துவின் குரலில் ஒரு வளைவும் இல்லை. ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஏன் காட்டவில்லை என்று கேட்டால் என்ன சொல்வார் என்று சாந்தாமணி டீத்தூள் டப்பாவைத் திறந்தபடியே நின்றாள். மஞ்சள் போர்டு வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாகத்தான் இருக்கிறது என்று வருடா வருடம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி வாங்குகிற சான்று அது. பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நாள் தவறியதில்லை. எஃப்.சி. வருகிறது என்றால் பத்து நாளைக்கு முன்பே வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, எரியாத பல்பையெல்லாம் மாற்றி, பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வண்டி புதுமாப்பிள்ளையாக நிற்கும். இந்த வருடம் ஆடி நாலாம் தேதி முடிகிறது என்று அவர்தான் சொன்னார். அவள்தான் காலண்டரைப் பார்த்தாள். "ஆடில போயி யாராச்சும் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பாங்களா? பத்தும் பத்தும் இருவது, மேல ஏழு நாளு. ஆவணி ஒண்ணாந் தேதி காட்டுனா என்ன குறைஞ்சு போச்சு?" அவரும் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "சரி அம்மிணி, அது வரைக்கும் நான் சாவியத் தொடமாட்டேன்" என்றார். சொன்னபடியே தொடவில்லை. ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வேறு வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவராகப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். வால்பாறைக்கு ஒரு ஃபேமிலி இரண்டு பங்கு தருகிறேன் என்று கேட்டபோதுகூட, "எஃப்.சி. இல்லாத வண்டில நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறச் சொல்றீங்களா? ஆளக் கொல்றதும் அதுவும் ஒண்ணுங்க" என்று போனிலேயே சொன்னார். இப்போது அந்தப் பக்கம் அதே குரல் சொல்கிறது: "என்ற சோம்பேறித்தனந்தானுங்க. வேற காரணம் ஒண்ணும் இல்லீங்க." டப்பாவின் மூடி அவள் கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது. சோம்பேறியாம். விடிவதற்கு முன் எழுந்து வண்டி துடைக்கிற சோம்பேறி.

ஆடியை அவர் சொல்லவில்லை. அவளைச் சொல்லாமல் ஆடியைச் சொல்ல முடியாது என்பதால் விட்டுவிட்டார். இப்படித்தான், எதையாவது அவள் தலையில் விழாமல் தாங்கிக்கொள்வதற்குக் கல்யாணத்தன்றே பழகிக்கொண்டார். அன்றைக்குக் கோயிலிலிருந்து பூப்போட்ட காரில் திரும்பி வரும்போது, கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, சொல்வதற்கு வெட்கப்பட்டு, வாயை மூடி மூடிக் கடைசியில் அவருடைய பட்டு வேட்டி மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். முன் சீட்டில் இருந்த அவருடைய அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அப்போது பேர்கூடச் சரியாகத் தெரியாத இந்த மனுஷன் சால்வையை எடுத்து வேட்டியின் மேல் போட்டு மறைத்துவிட்டு, அவள் காதோரமாக, "இதென்ன, வால்பாறை டிரிப்புக்கு டிரிப்பு நாலு பேரு எடுக்கறதுதான். எனக்கு இது தொழிலுங்க" என்றார். வாங்க போங்க என்று அவளை அவர் அழைத்தது அந்த ஒரு தடவைதான். அந்த 'ங்க'வை நினைத்து நினைத்து அவள் எத்தனை வருடம் சிரித்திருக்கிறாள். ஊரெல்லாம் ஏற்றி இறக்குகிற டிரைவருக்கு, காரில் ஏறினால் பத்தாவது நிமிஷம் தலை சுற்றுகிற பெண்டாட்டி. இண்டிகா வாங்கிய அன்று ஆனைமலை வரை போய் ஆற்றோரத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஓசூரில் மகளுக்குப் பேறுகாலம் என்றபோதுகூட அவள் ரயிலில்தான் போனாள். எத்தனையோ பேர் பார்த்து வந்த மேகமும் தேயிலையும் யானையும் அவளுக்கு அவர் சட்டையில் ஒட்டி வருகிற குளிராகத்தான் தெரியும். சாயங்காலம் ஆணியில் சாவி விழும் சத்தம் கேட்டால் மேகம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் இருபத்தெட்டு வருடம் சோறு ஆறியது. கொட்டி மறுபடி வைத்தாள், அதுவும் ஆறியது. அதில் அவளுக்குக் கோபமில்லை. கோபமில்லை என்பதும் முழு உண்மையில்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டி கிடக்கிற இந்த இரண்டு மாதமாக மத்தியானம் ஒரு மணிக்கு அவர் எதிரே உட்கார்ந்து "ரசம் இன்னும் ஒரு கரண்டி ஊத்து புள்ள" என்று கேட்கும்போது, வண்டி மேல் அந்த மரக்கிளை விழுந்ததில் மனசின் ஏதோ ஒரு மூலையில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அந்த மூலையை அவள் யாருக்கும் காட்டியதில்லை. தானும் சரியாகப் பார்த்ததில்லை. பணம் வந்தால் அந்த ஒரு மணிச் சோறு போய்விடும். அதனால்தான் பணம் வர வேண்டும் என்று இவ்வளவு கெட்டியாக வேண்டிக்கொள்கிறாளோ என்னவோ, அந்த மூலைக்கு அபராதம் கட்டுகிறாற்போல.

"ஷெட்டுல நிறுத்தி மூடி வெச்சிருந்தேன்னு சொல்றீங்க. மரம் விழுந்தது மெயின் ரோட்டுல. வண்டி எப்படி அங்க வந்துச்சு?" வந்துவிட்டது. பால் இன்னும் பொங்கவில்லை, கேள்வி வந்துவிட்டது. சாந்தாமணி இஞ்சியைக் கையில் எடுத்து, தோல் சீவிக்கொண்டே இருந்தாள். "சாக்கடைப் பைப்புப் போடறதுக்கு எங்க சந்துல தோண்டுனாங்க. வண்டிகள வெளிய எடுத்துருங்க, இல்லாட்டி பத்து நாளைக்கு எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க. அதனால தள்ளிக்கிட்டுப் போயி நிறுத்துனோமுங்க." "ஸ்டார்ட் பண்ணல?" "பண்ணலைங்க. எஃப்.சி. இல்லாத வண்டிய நான் ஸ்டார்ட் பண்றதில்லீங்க." பெனடிக்ட் சாரின் பேனா நின்றுவிட்டது. நம்பவில்லை போலிருக்கிறது. யார்தான் நம்புவார்கள்? எஞ்சினும் டீசலும் சாவியும் கையில் இருக்க, வீட்டு வாசலிலிருந்து நூறு அடி போவதற்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம் என்றால்? பக்கத்து வீட்டார் எல்லாரும் ஓட்டிக்கொண்டுதான் போனார்கள். ஜே.சி.பி. டிரைவர்கூடச் சொன்னார், "அண்ணா, இந்த முக்குக்குப் போறதுக்கு எந்த ஆர்.டி.ஓ. வந்து புடிக்கப் போறாரு?" இவர் கேட்கவில்லை. சந்து மெயின் ரோட்டைப் பார்த்துக் கொஞ்சம் இறக்கம், ஒரு ஆள் தள்ளினால் போதும், ஸ்டீயரிங் பிடிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் அவளைப் பார்த்தார். "ஏம்புள்ள, ஏறு." "நானா?" "நீதான். கேஸ் அடுப்புத் திருகற மாதிரிதான். ஏறு."

ஏறினாள். அதுதான், அந்த இடம்தான், மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது. ஏறாமல் இருந்திருக்கலாம். யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏறினாள், சேலையைச் சுருட்டிக்கொண்டு, டிரைவர் சீட்டில். அது அவருடைய முதுகின் பள்ளத்துக்குப் பழகிய சீட்டு, அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. கண்ணாடியில் அவளுடைய நெற்றி தெரிந்தது. சாவியை ஒரு திருகு திருகு, ஸ்டீயரிங் பூட்டு விடும், அதுக்கு மேல திருகாத என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். திருகினாள். எதிரே பொட்டு பொட்டாகச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஐயோ என்று கையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, அது எரியும்." அது எரிந்ததே. அந்தச் சிவப்பு விளக்குகள் எரிந்தது ஸ்டார்ட் ஆனதாகக் கணக்கா இல்லையா? எஞ்சின் ஓடவில்லை, சரி. ஆனால் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் வண்டி விழித்துக்கொண்டது என்றுதானே அர்த்தம்? பெனடிக்ட் சார் கேட்டால் விளக்கைச் சொல்வதா விடுவதா? அவர் எஞ்சினைத்தான் கேட்பார். விளக்கைக் கேட்கமாட்டார். கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகுமா? சோம்பேறித்தனம் என்று வீட்டுக்காரர் சொன்னது பொய்தானே, அதைவிட இது சின்னதுதானே? எரிந்த விளக்கு எத்தனை, ஐந்தா ஆறா? இஞ்சி முழுக்கத் தோல் போய், நார் தெரிகிற வரைக்கும் சீவிவிட்டிருந்தாள்.

பின்னால் போய் அவர் தள்ளினார். முதலில் ஒன்றும் நகரவில்லை, பிறகு உலகம் நகர்ந்தது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு, மோகனா வீட்டு கேட்டும் கறிவேப்பிலைச் செடியும் இஸ்திரி வண்டியும் தாமாக அவளைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி. ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி கனத்தது. எஞ்சின் ஓடாவிட்டால் அது அப்படித்தான் இருக்குமாம். இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி அதை அழுத்தி அழுத்தித் திருப்பினாள். ஐயோ ஐயோ என்று கத்தினாள். சிரித்தாள். கத்தலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பின்னால் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், எதுவும் காதில் விழவில்லை. குமட்டவில்லை. அதைக் கவனித்தது பிறகுதான். அவ்வளவு தூரமும் தலை சுற்றவில்லை. மெயின் ரோட்டு முக்கில் வண்டி மெதுவானதும் அவர் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, "எங்க நிறுத்தலாம், டிரைவரம்மா? பேக்கரி முன்னால வெயிலு. அக்கட்ட மரத்தடி" என்று கேட்டார். அவள் பார்த்தாள். பேக்கரிக்கு முன்னால் வெட்டவெளி. அந்தப் பக்கம் ரோட்டோரம் பெரிய வாகை மரம், அதன் கீழே பந்தல் போட்ட மாதிரி நிழல். பெயிண்டு வெயிலில் வெளுத்துவிடும் என்று அவர் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது. "நிழலா நிறுத்துங்க" என்றாள். அவள்தான் சொன்னாள். அவளேதான் திருப்பினாள். அவர் காட்டிய பிரேக்கை மிதித்து, அழகாக ரோட்டை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். "இவ்வளவு நேரா எனக்கே நிறுத்த வராது" என்று அவர் சுற்றி வந்து பார்த்துச் சொன்னார். அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள், ஆடி இருபத்திரண்டு, பகல் பதினோரு மணிக்குக் காற்று வந்தது. துணிகளைக் கொடியிலிருந்து பிடுங்குவதற்குள் மொட்டை மாடித் தகரம் படபடத்தது. பிறகு ஒரு சத்தம், பெரிய வாழைத்தார் தரையில் விழுந்த மாதிரி அமுங்கலாக. அவளுக்கு உடனே தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்தபோது வாகைக் கிளை வண்டியின் மேல் படுத்திருந்தது, தூங்குகிற ஆள் தலையணை மேல் கை போட்டுக்கொண்ட மாதிரி. டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே கூரை தொட்டிலாகக் குழிந்திருந்தது. பேக்கரி முன்னால் வெயில் அப்படியே கிடந்தது, எதுவும் விழாமல், சுத்தமாக.

அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு பேசி ஆற்றியிருக்கலாம். அவர் தினமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். என்ன செய்கிறார் அங்கே என்று ஒரு நாள் காய்கறி வாங்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தாள். நசுங்கிய வண்டிக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூரை தலையை இடிக்கிறது என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, கையில் மஞ்சள் துணியோடு, உடைந்த கண்ணாடித் தூளை டேஷ்போர்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிடாமல் திரும்பிவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதும் அவர் கழுத்து கொஞ்சம் சாய்ந்தபடியே இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. இல்லை, பிரமைதான். ஆனால் இரும்புக் கடைக்கு வண்டி போனால் அந்தக் கழுத்து நிமிரப்போவதில்லை என்று மட்டும் பட்டது. அதற்கு நடுவில்தான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, தகுதிச் சான்று இல்லாத வாகனம் என்பதால் நேரில் விசாரிக்கிறோம் என்று. நேற்று அவர் சொன்னார், "நின்ன வண்டின்னா பேச இடமிருக்குதுன்னு ஸ்டாண்டுல சொல்றாங்க. ஓடுன வண்டின்னா கையை விரிச்சிருவாங்களாம். நீ ஒண்ணும் பேசிக்க வேண்டாம், அம்மிணி. உன்னைக் கேட்டா, எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிப்போடு." எனக்குத் தெரியாதுங்க. அதை அவள் காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். இஞ்சியிடம், பாலிடம், பல்லியிடம். எனக்குத் தெரியாதுங்க. சொல்லச் சொல்ல, நிஜமாகவே ஒன்றும் தெரியாதவள் மாதிரி, அந்த நூறு அடியும் நடக்காதது மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவளிடம் இருந்தது அந்த நூறு அடிதான்.

பால் பொங்கியது. பிடிதுணியைத் தேடி இறக்குவதற்குள் மேடையெல்லாம் வழிந்தது. வழியட்டும். "தள்ளினது யாரு?" "அக்கம் பக்கத்துல நாலு பேரு தள்ளுனாங்க." "ஸ்டீயரிங் புடிச்சது?" "நான்தானுங்க." சாந்தாமணி அசையாமல் நின்றாள். இத்தனை வருடத்தில் வண்டியைப் பற்றி அவர் பொய் சொல்லிக் கேட்டதில்லை. பிரேக் சரியில்லை என்றால் சவாரி வந்தவரிடமே சொல்லி இறக்கிவிடுகிறவர். அந்த 'நான்தானுங்க'வில் கடைசி எழுத்து கொஞ்சம் வழுக்கியது, ஈரமான படியில் கால் வைத்த மாதிரி. அவளுக்குத் தெரிந்தது. பெனடிக்ட் சாருக்கும் தெரிந்திருக்கும், செருப்பை ஒட்டி வைக்கிறவருக்கு இதெல்லாம் தெரியும். "நீங்கதான் ஸ்டீயரிங்ல இருந்தீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா எழுதினதுதான்." "நான்தானுங்க, எழுதுங்க." பேனா ஓடுகிற சத்தம். பிறகு நின்றது. "இங்க வர்றதுக்கு முன்னால முக்குல பேக்கரியில விசாரிச்சேன். கனகராசுன்னு ஒருத்தரு." "நம்ம கனகராசுதானுங்க. நல்ல தம்பி." "நல்ல தம்பிதான். அன்னைக்கு அவரு போன்ல ஒரு வீடியோ எடுத்திருக்காரு. எனக்கு அனுப்பி வெச்சாரு." அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்திலேயே சாந்தாமணிக்கு நாச்சிமுத்துவின் முகம் முழுக்கத் தெரிந்தது, சுவர் கண்ணாடியாகிவிட்ட மாதிரி. "இதுல இருக்கறது யாருங்க?" மறுபடி பெனடிக்ட் சார்தான் கேட்டார்: "உங்க வீட்டுக்காரம்மாதானே? கதவு திறந்தது இவங்கதானே? ஏனுங்க, எஃப்.சி.தான் இல்லை. ஓட்டுனவங்களுக்கு லைசென்சும் இல்லைன்னா நான் கம்பெனிக்கு என்னத்தை எழுதறது? தள்ளுன நாலு பேர்ல ஒருத்தரக்கூட இதுல காணலையே. வண்டி தானா போகுது. இவங்க ஓட்டிக்கிட்டுப் போறாங்க."

டீயை வடிகட்டினாள். இரண்டு டம்ளர், ஒன்றில் சர்க்கரை இல்லாமல். எனக்குத் தெரியாதுங்க, எனக்குத் தெரியாதுங்க என்று உதடு தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது, தட்டை எடுத்துக்கொண்டு நிலைப்படி தாண்டும் வரை. முன்னறையில் அவர் தலையைக் குனிந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி. பெனடிக்ட் சார் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில், ஒரு உள்ளங்கை அகலத்தில், அவள் இருந்தாள். டிரைவர் சீட்டில், வாய் முழுக்கத் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பல்லா எனக்கு என்று நினைத்தாள். இப்படியா சிரித்தேன்? போனில் கனகராசு அவள் முகத்தை மட்டும் பக்கத்திலிருந்து பிடித்திருந்தான். பின்னால் வண்டி முடிகிற இடம் படத்துக்கு வெளியே இருந்தது. பார்க்கிற யாருக்கும் ஒரு பொம்பளை வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் தெரியும். அவளுக்கே அப்படித்தான் தெரிந்தது. தட்டை ஸ்டூலில் வைத்தாள். "டீ எடுத்துக்குங்க, சார்." "வைங்கம்மா. நீங்களே சொல்லுங்க, இது நீங்கதானே?" நாச்சிமுத்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். தெரியாதுன்னு சொல்லிப்போடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "நான்தானுங்க. ஸ்டீயரிங் புடிச்சது நானு. ஆடி போகட்டும், அப்புறம் எஃப்.சி. காட்டலாம்னு சொன்னது நானு. நிழலா நிறுத்துங்கன்னு சொன்னதும் நான்தானுங்க. அவரு ஒண்ணுமே பண்ணலைங்க, தள்ளுனதத் தவிர." "ஏ புள்ள..." என்றார் அவர். "சித்த இருங்க. ஏனுங்க சார், இதுல சத்தம் வராதுங்களா?" "வரும்மா. ஆபீஸ்ல இருந்து கிளம்பறப்பவே போன் சத்தத்த அடைச்சு வெச்சேன்." "சத்தம் வைங்க, சார். வண்டி ஓடுனதா உருண்டதான்னு கேட்டா தெரிஞ்சுபோகுமுங்களே."

பெனடிக்ட் சார் அவளை ஒரு நொடி பார்த்தார். போனின் ஓரத்தை அழுத்தி, முதலிலிருந்து போட்டார். காற்று முதலில் வந்தது, பிறகு ஜல்லியின் மேல் டயர் நொறுநொறுவென்று உருளும் சத்தம். எஞ்சின் இல்லை. எங்கேயும் இல்லை. ஐயோ ஐயோ என்று அவள் கத்துகிறாள். நடுவில், படத்துக்கு வெளியே, பின்னாலிருந்து, ஒரு ஆள் மூச்சு இரைக்கிற சத்தம், இழுத்து இழுத்து, மாடு மேடு ஏறுகிற மாதிரி. "ஏனுங்கண்ணா" என்று கனகராசுவின் குரல் போனுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கேட்டது, "அண்ணி டிரைவரு, நீங்க கிளீனரா?" "கிளீனருதான்டா. நல்லா எடு. அவ மூஞ்சிய எடு, என்னை எதுக்கு எடுக்கறே?" அதுவும் மூச்சோடு மூச்சாகத்தான் வந்தது. "மூச்சு வாங்குதேண்ணா, இருங்க, நானும் வந்து ஒரு கை புடிக்கிறேன்." கொஞ்ச நேரம் டயர் சத்தம் மட்டும். "வேண்டாம்டா கனகு. இருபத்தெட்டு வருசமா அவள இங்கயே விட்டுப்போட்டு நான் மட்டும் போயிட்டிருக்கேன். இன்னைக்கு ஒருக்கா அவ போகட்டும். நான் பின்னால வாரேன்." அத்தோடு முடிந்தது. படத்தில் அவள் சிரித்தபடி உறைந்து நின்றாள், ஒன்றும் கேட்காதவளாக.

நாச்சிமுத்து டீ டம்ளரை எடுத்து, சூடு என்றுகூடப் பார்க்காமல் ஒரு மடக்குக் குடித்தார். காது மடல் சிவந்திருந்தது. பெனடிக்ட் சார் எழுதிய தாளைத் திருப்பிப் பார்த்து, ஒரு வரியை அடித்தார், அதன் மேல் சிறிய எழுத்தில் ஏதோ எழுதினார், அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நாச்சிமுத்துவின் பக்கம் நகர்த்தினார். "ஏனுங்கண்ணா, நெசமே இவ்வளவு நல்லா இருக்க எதுக்குப் பொய்யைச் சொன்னீங்க? எஞ்சின் ஓடலை, தள்ளிக் கொண்டுபோயி நிறுத்தின வண்டின்னு எழுதியிருக்கேன். வீடியோவையும் சேர்த்து வைக்கிறேன். கம்பெனி என்ன சொல்லுதோ, அது என் கையில இல்லை." "அது போதுமுங்க" என்றார் அவர். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போனார் பெனடிக்ட் சார். சாந்தாமணி அவர் எதிரே, நாச்சிமுத்துவின் பக்கத்து நாற்காலியில், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சார், இன்னொருக்கா போடுங்க." "எழுதியாச்சும்மா, எஞ்சின் ஓடலைன்னு." "அது தெரியுமுங்க" என்றாள். "இன்னொருக்கா போடுங்க."